பின்னால் வந்த வீடு

வேனில் குடியேறிய மூன்றாவது வாரம், செண்பகவல்லியின் வீடு அவர்களுக்குப் பின்னால் வரத் தொடங்கியது.

கோவில்பட்டியில் இருபத்தாறு வருடம் குடியிருந்த வீடு. அருப்புக்கோட்டைச் சாலையில் வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் சிந்தாமல், இடது ஓரமாக நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்த பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட்டது.

வேனில் வாழலாம் என்று சொன்னது அவள்தான். கணவர் உலகநாதன் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதும் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்தார்கள். ஒரு மின்விசிறியை மாற்றவே மூன்று மாதம் யோசிக்கிற மனிதர், வேன் என்றதும் உடனே சரி என்றார். அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"பின்னாடி நம்ம வீடு வருது" என்றாள்.

நொடிக்கொரு தரம் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறவர் அவர். "அப்படியா? நான் கவனிக்கலையே" என்றார்.

அன்றிலிருந்து அவள் வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைக் கவனிக்கத் தொடங்கினாள்.

சாயல்குடியில் டீக்கடைக்காரர் அவளிடம் வந்து, "அது உங்களோடதுதானேம்மா? பஸ் ஸ்டாப்பை மறைச்சு நிக்குது. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார். உலகநாதன் டம்ளருக்குள் பார்த்தபடி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

தினமும் சாப்பிட்டதும், "கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் சட்டைத் தோளில் நீலம் கலந்த சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். வீட்டுச் சுவருக்கு அந்த நீலத்தைக் கலந்தவள் அவள். இந்த மனிதர் அங்கே போய்ப் பழைய சுவரில் சாய்ந்து படுத்துவிட்டு வருகிறார் என்று நினைத்தாள். நினைக்க நினைக்க வேனின் தகரக்கூரை தாழ்ந்துகொண்டே வந்தது.

தொண்டிக் கடற்கரையில் நான்காம் நாள் பின்னாலேயே போனாள். கருவேலங்காட்டுக்கு அப்பால் வீடு நின்றிருந்தது. உலகநாதன் தோளைச் சுவரில் கொடுத்து அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். வீடு ஓரடி நகர்ந்தது. அவர் மூச்சு வாங்கியதும் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

"இதுக்குத்தான் தினமும் நடக்கப் போனீங்களா?"

அவர் திரும்பாமலே பேசினார். "நான் இதைக் கூப்பிடல வல்லி. தினமும் வந்து தள்ளுறேன், போக மாட்டேங்குது." பிறகு கையைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "சாவியைப் பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட கொடுத்துட்டேன்னு சொன்னியே. கொடுத்தியா?"

"அரிசி டின்ல இருக்கு."

"அதான். வேனுக்குப் பின்னால வரல இது. சாவிக்குப் பின்னால வருது. எனக்கு முதல் நாளே சந்தேகம்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா, வேன் பிடிக்கல, திரும்பிப் போவோம்னு நீ சொல்லிடுவியோன்னு பயம்."

"எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு" என்றாள் செண்பகவல்லி. "உங்களுக்குப் பிடிக்காமப் போயிட்டா என்ன பண்றதுன்னுதான் வச்சிருந்தேன்."

சாவியை எடுத்துவந்து வாசல் பூட்டில் செருகி அப்படியே விட்டாள். வீடு சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு வாசற்படியிலிருந்த மணலை உதறிவிட்டு மேற்கே நடந்தது. சமையலறை ஜன்னல் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகநாதன் வந்து பக்கத்தில் நின்றார்.

மறுநாள் காலையில் இஞ்சின் உறுமியது, வேன் நகரவில்லை. அவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். நான்கு சக்கரங்களும் மணலில் வேர்விட்டிருந்தன. விரல் தடிமனில், வெளிறிய இளம் வேர்கள்.

செண்பகவல்லி குடத்தை எடுத்துக்கொண்டு கடலை நோக்கி நடந்தாள்.

"அந்தத் தண்ணி வேண்டாம், வேர் கருகிடும்" என்றார் அவர். "தெருக்குழாய்ல பிடிச்சிட்டு வா."