ஓம் சொன்ன வாய்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர் முன்னால் திருகோணமலைத் துறைமுகத்து உப்புத் தண்ணீரை ஒரு கிளாஸ் குடித்துச் சத்தியம் செய்யலாம். கேட்டால் இன்னொரு கிளாஸும் குடிக்கலாம்.

துறைமுகத்தில் கிறேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஜெமீல் காக்காவுக்கு வியட்நாம் பாஷை தெரியும் என்பது கடைத்தெருவுக்கே தெரிந்த விஷயம். சீமெந்துக் கப்பல்காரரிடம் படித்ததாக அவரே சொல்லியிருந்தார். சரிபார்க்க ஆளில்லாத பாஷை என்பதால் அது வருஷத்துக்கு வருஷம் நன்றாக வளர்ந்தது. கத்தாரில் இருக்கும் மகன் நிப்றாஸ் அதை நம்பி, உம்மாவையும் வாப்பாவையும் வியட்நாமின் பழைய அரசர்கள் இருந்து ஆண்ட ஹுவே நகரத்துக்கு அனுப்பிவைத்தான். வழிகாட்டி எதற்கு, வாப்பா இருக்கிறாரே.

விமானத்தில் மனைவி லைலா ஒன்றுதான் கேட்டாள்.

"உங்கட பாஷைய நம்பித்தான் வாறன். அங்க வெச்சு என்னை வெக்கப்படுத்த மாட்டீங்கதானே?"

"என்ன புள்ள, என்னைத் தெரியாதா?"

"தெரிஞ்சபடியாத்தான் கேக்கிறன்."

ஹுவேயில் இறங்கியதும் ஒருவன் வந்து என்னவோ கேட்டான். ஜெமீலுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. லைலா பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கும் ஆமாம் சொல்லிவைப்போம் என்று அவர் ஊர்ப் பேச்சிலேயே கம்பீரமாக, "ஓம்" என்றார். உடனே ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. இன்னொரு தரம் "ஓம்" என்றார், இன்னொன்று வந்தது. ஆளுக்கொன்றில் ஏறிப் போனார்கள். இறங்கும்போது லைலா அவரைக் கொஞ்சம் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரைக் கெடுத்தது.

அரண்மனை வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெண் ஏதோ கேட்டாள். "ஓம், ஓம்." அவள் பின்னால் ஒதுங்கி, லைலாவை இரக்கத்தோடு பார்த்தாள்.

உள்ளே, சிம்மாசன மண்டபத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டார் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து பணிவாக ஒன்று கேட்டார். ஜெமீல் கைகளை விரித்து, "ஓம்! ஓம்!" என்றார். அந்த மனிதர் சற்று யோசித்தார். பிறகு ஜெமீலை இறுகக் கட்டிப்பிடித்தார். மூச்சு முட்டிய ஜெமீலுக்கு வேறு சொல் வரவில்லை. "ஓம், ஓம்" என்றார். மாப்பிள்ளை வந்து கட்டிப்பிடித்தான். மாமன் மச்சான்மார் வந்தார்கள். மஞ்சள் உடுப்புக் காவல்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி, அகழியைத் தாண்டி, ஆற்றுப் பாலம் வரைக்கும் போனது. பாலத்தில் ஐஸ்கிறீம் விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு பெண்பிள்ளை அரைகுறை ஆங்கிலத்தில் லைலாவுக்கு விளக்கினாள். அந்த நாட்டில் 'ஓம்' என்றால் கட்டிப்பிடிப்பது. ஓட்டுகிறவனைக் கட்டிப்பிடித்துப் போவதால் வாடகை மோட்டார்சைக்கிளுக்கும் அதுதான் பெயர்.

லைலா வரிசையின் முன்னுக்கு வந்தாள்.

"இஞ்ச பாருங்க. உங்களுக்கு இந்தப் பாஷையில ஒரு சொல்லும் தெரியாது. அப்பிடித்தானே?"

உண்மையைச் சொல்லவும் ஜெமீலிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

"ஓம்" என்றார்.

அடுத்து நின்ற பொலிஸ்காரர் கட்டிப்பிடித்தார்.

அவருடைய தோளுக்கு மேலால் ஜெமீல் மனைவியின் முகத்தைத் தேடினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அவளோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ எவரோ என்பதுபோல் அரண்மனைக் குளத்து மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்கு வந்தும் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. நிப்றாஸ் போனில், "வாப்பாட பாஷை உதவிச்சா உம்மா?" என்று கேட்டபோது, "நல்லா உதவிச்சு மகன்" என்றாள். பக்கத்துக் கதிரையில் இருந்த ஜெமீல் கூனிக் குறுகிப்போனார். அன்றிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல் வருவதில்லை. தேத்தண்ணிக் கடையில், "சீனி போடவா காக்கா?" என்று கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

இன்னும் ஒன்று, அதிலும் பொய்யில்லை: ஜெமீல் காக்கா இன்றுவரை கலியாணம் முடிக்காதவர்.