ஒரு தட்டு, ஒரு வெட்டு

எழுந்ததும் போர்வையை மடிக்கிறேன். பல் துலக்குகிறேன். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைக்கிறேன். பொங்கும்வரை ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்கிறேன். மார்பு உயரம்தான் ஃபிரிட்ஜ். அதன் தலையில் அவளுடைய போன் கிடக்கிறது. சார்ஜர் சுவரில் செருகியிருக்கிறது. ஒயர் குட்டை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர முடியாது. குனிந்து, ஃபிரிட்ஜில் முழங்கையை ஊன்றித்தான் படிக்க வேண்டும். படிக்கிறேன். மாமனார் எழுந்து கையில் கரண்ட் கெட்டிலோடு வருகிறார். அவருக்குக் காலையில் வெந்நீர் வேண்டும். பிளக்கைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அடுப்பு காலியாகட்டும் என்று காத்திருக்கிறார். பால் பொங்குகிறது. அணைக்கிறேன். குளித்து, சட்டை மாட்டி, வேலைக்குப் போகிறேன்.

என் மனைவி இறந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் இறந்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று டிரைவர் நினைத்தார். டீ குடித்துவிட்டு வந்து எழுப்பினார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள். வலி தெரிந்திருக்காது என்றார்கள். சொல்லிவைத்தாற்போல எல்லாரும் அதையே சொன்னார்கள்.

காரியத்துக்கு வந்த மாமனார் திரும்பிப் போகவில்லை. நான் சாப்பிடமாட்டேன் என்று அவருக்குக் கவலை. அவரைத் தனியாக அனுப்பினால் அங்கே என்ன செய்வார் என்று எனக்குக் கவலை. அவருடைய பை வாசல் கதவோரம் கட்டியபடியே இருக்கிறது. அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்பார். நானும் சரி என்பேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். "வேலைல இருந்த வரைக்கும் ஏறினேன், எறங்கினேன். ஒரு எடத்துக்கும் போய்ச் சேரல மாப்ள" என்று எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. நாங்கள் இருவரும் ஒரு லிஃப்ட்டுக்குள் நிற்கிறோம். கதவுக்குப் பக்கத்தில் அவருடைய பை இருக்கிறது.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறை. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. வருகிறவர் மூக்கின் மேல் வளையத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துக் கேட்பேன். இது தெளிவா, முன்னாடி இருந்ததா? இதுவா, அதுவா? முக்கால்வாசிப் பேர் கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் ரெண்டும் ஒண்ணுதான் சார் என்பார்கள். ஒன்று இல்லை. அவர்களுக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான். நான் விடுவதில்லை. என்னையும் அந்த அறை விடுவதில்லை.

அவள் கவிதை எழுதுவாள் என்று தெரியும். வாசித்ததில்லை. காட்டியதும் இல்லை. "உனக்குக் காட்டினா நல்லாருக்குன்னு சொல்லுவ. அதுக்கு ஆள் நெறைய இருக்கு" என்றாள் ஒருமுறை. கவிதை எழுதுகிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். முகம் தெரியாதவர்கள். பெயரும் கிடையாது, பட்டப்பெயர்தான். ஆரம்பித்தவர் டீச்சர், பூகோளம் நடத்துகிறவர். இரும்புப் பட்டறையில் வேலை செய்யும் வெல்டர் ஒருவன். இன்னும் சிலர். குழுவின் பெயர் 'தட்டு வெட்டு'. யாராவது கவிதை போட்டால், படிக்கிறவர் ஒரு தட்டுத் தர வேண்டும், ஒரு வெட்டுத் தர வேண்டும். முதுகில் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு நல்ல வார்த்தை. பிறகு, எந்த வரியை வெட்டலாம் என்று ஒரு யோசனை. 'அருமை' என்று எழுதக் கூடாது. ரோஜாப்பூ, கைதட்டும் பொம்மை, எதுவும் கூடாது. மீறினால் அபராதம்: அப்படி எழுதியவர் புதிதாக ஒரு கவிதை போட வேண்டும். அதுவரை மற்றவர்கள் விடமாட்டார்கள், கலாய்த்தே கொன்றுவிடுவார்கள்.

அங்கே அவளுக்குப் பெயர் கத்திரி. எல்லாருடைய கவிதையிலும் கடைசி வரியை வெட்டுவாள். 'முடிஞ்சப்பறம் எதுக்கு நின்னு கையாட்டறீங்க?' என்று கேட்பாள். இதெல்லாம் நான் பின்னால் மேலே மேலே தள்ளிப் படித்துத் தெரிந்துகொண்டது. முதலில் தெரியாது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு காலையில் போன் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. வெல்டர் ஒரு கவிதை போட்டிருந்தான். அவனுடைய பட்டறை கேன்டீனில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றியது. கீழே அவன் எழுதியிருந்தான்: 'அக்கா எங்க போனீங்கன்னே தெரியல. என்மேல கோவமா? நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லலன்னா நான் இத அவகிட்ட குடுக்கப்போறதில்ல. இனிமே எழுதப்போறதும் இல்ல. எனக்கு எதுக்கு இந்த வேலை.' பால் பொங்கப் பார்த்தது. சத்தம் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். குனிந்து 'அருமை' என்று அடித்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் குழு இரண்டாகியிருந்தது. அக்கா வந்தாச்சு, அக்கா வந்தாச்சு என்று வெல்டர். 'கத்திரியே அருமைன்னு சொல்லிடுச்சு. வேலியே பயிரை மேயுது. அபராதம், அபராதம்' என்று டீச்சர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் இல்லை என்று இரண்டு சொல். அடித்தேன். அழித்தேன். அவள் அங்கே வந்துவிட்டாள் என்று அத்தனை பேர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் அவள் வந்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வெல்டர் கேட்டான்: 'அக்கா, வெட்டு சொல்லலையே?' கவிதையைத் திரும்பப் படித்தேன். கரண்டியால் அவள் குழம்பு ஊற்றும்போது இவன் தட்டு நடுங்குகிறது, வெல்டிங் பொறி படும்போதுகூட நடுங்காத கை. பிறகு ஒரு வரி: 'இதுதான் காதல் என்பதா?' அந்த வரி இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். வில்லை போட்டு எடுக்கிற மாதிரி. இல்லாவிட்டால் தெளிவு. 'தட்டு: நடுங்காத கை. வெட்டு: கடைசி வரி. குழம்பு ஊத்தியாச்சு, நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது' என்று எழுதினேன். 'அதான எங்க அக்கா' என்றான் வெல்டர்.

அதன்பின் தினமும் காலையில் அவளானேன். அவள் எழுதியதை எல்லாம் படித்துப் படித்து அவள் பேச்சு கைக்கு வந்துவிட்டது. எங்கே கேலி செய்வாள், எங்கே நிறுத்துவாள், யாரிடம் மட்டும் கொஞ்சம் இளகுவாள். டீச்சர் விடாமல் அபராதத்தை நினைவூட்டுவார். 'கடன்காரி மாதிரி ஓடாத கத்திரி.' வேலை அதிகம் என்று மழுப்புவேன். வேலைக்குப் போய் இருட்டறையில் உட்கார்ந்ததும் அன்று சொன்ன வெட்டு சரியா என்று யோசிப்பேன். அவளோடு வாழ்ந்த நாட்களில் அவளை இவ்வளவு கவனித்ததில்லை. இது ஆறுதல் என்று யாராவது நினைக்கக்கூடும். இல்லை. ஒருநாள் பதில் போடாவிட்டால் அவள் மறுபடியும் போய்விடுவாள். போட்டால் நான் போனை விட்டு நகர முடியாது. இரண்டும் ஒன்றுதான் சார்.

மாமனார் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தோசைக்கல் தேய்த்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"யார்கூடப் பேசறீங்கன்னு நான் கேக்கல மாப்ள. சின்ன வயசு உங்களுக்கு. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல."

"அப்படி ஒண்ணும் இல்ல மாமா."

"இருந்தாலும் சரிதான். ஆனா அவ போன்லேர்ந்து வேணாம். உங்க போன்ல பேசுங்க."

அவர் கல்லைக் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு. அது உப்பிக்கிட்டு வருது. பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். எந்நேரமும் சார்ஜில் கிடந்து பேட்டரி வீங்கி, போனின் முதுகு மேடாகியிருந்தது. ஃபிரிட்ஜ் மேல் சமமாக உட்காரவில்லை. தொட்டால் ஆடியது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"வெடிக்கும் மாப்ள. லிஃப்ட் ரூம்ல பேட்டரி வெடிச்சுப் பாத்திருக்கேன் நான். பிளக்க எடுத்துடறேனே."

"வேணாம் மாமா."

"அணைச்சாவது வைங்க."

"வேணாம்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

வெல்டர் அந்தக் கவிதையை கேன்டீன் பெண்ணிடம் கொடுத்தான். அவள் படித்துவிட்டு, எழுத்துப்பிழை இரண்டு இருக்கிறது என்று திருத்திக் கொடுத்தாளாம். குழுவில் அன்று கொண்டாட்டம். 'இவளும் வெட்டுக்காரிதான், சரியான எடத்துல மாட்டினடா' என்றார் டீச்சர். பிறகு கல்யாணம் என்றான். பிறகு ஒரு காலையில் தனியாக எனக்கு, அதாவது அவளுக்கு, எழுதினான்: 'அக்கா, உங்க அட்ரஸ் குடுங்க. முதல் பத்திரிகை உங்களுக்குத்தான். நேர்ல வந்து உங்க கையில குடுத்துட்டு, கால்ல விழுந்துட்டுப் போவேன். மறுக்காதீங்க. நீங்க அன்னிக்கு வரலன்னா நான் எழுதறத நிறுத்தியிருப்பேன், இவ கெடைச்சிருக்கமாட்டா.'

குனிந்தபடியே நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. காஸ் வாடை வந்தது. மாமனார்தான் ஓடிவந்து மூடினார். ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அன்று வேலையில் ஒரு கிழவர் வளையத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எது தெளிவு என்று கேட்டேன். "தம்பி, நீங்க ஒண்ணும் போடாம ஒருதடவ காட்டுங்க. எவ்வளவு தெரியலன்னு மொதல்ல நான் பாக்கணும்" என்றார். எல்லா வில்லையையும் எடுத்துவிட்டேன். வெறும் வளையத்துக்குள்ளிருந்து பலகையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழைய ரசீது ஒன்றின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினேன். அட்ரஸ் கொடுக்க முடியாது. அபராதம் கட்டிவிடலாம். அதைப் படித்து அவர்களாகவே புரிந்துகொள்ளட்டும். நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

மறுநாள் காலை போட்டேன்.

*கடைசி நிறுத்தம் வந்தும் அவள் இறங்கவில்லை.*
*தூங்குகிறவளை எழுப்ப மனமில்லாமல்*
*டிரைவர் எஞ்சினை மட்டும் அணைத்தார்.*
*சாய்ந்திருந்த தலை*
*ஜன்னல் கண்ணாடியில்*
*எண்ணெயால் ஒரு வட்டம் வரைந்திருந்தது.*
*காலையில் படியிறங்கும்போது சொன்னாள்:*
*உன் கண்களில் என்னை வைத்துவிட்டுப் போகிறேன்.*

முதலில் வந்தது வெல்டர். 'அக்கா, ஆம்பள மாதிரி எழுதியிருக்கீங்க. அருமை.' உடனே, 'ஐயோ, அபராதமா?' பிறகு: 'தட்டு: எஞ்சின மட்டும் அணைச்சது. அந்த டிரைவர் நல்லவர். வெட்டு: நீங்க எனக்குச் சொன்னதுதான் அக்கா. கடைசி வரி. அவசரமா வேலைக்குப் போறவ எவளாவது இப்படி வசனம் பேசுவாளா?'

டீச்சர் படித்துவிட்டார் என்று காட்டியது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார். நான் முழங்கையை மாற்றி ஊன்றினேன். போன் லேசாக ஆடியது. சூடாக இருந்தது.

'தட்டு: எண்ணெய் வட்டம். இத யோசிச்சு எழுத முடியாது. பஸ்ஸுக்குள்ள ஏறிப் பாத்திருக்கணும்.' பிறகு: 'வெட்டு: கடைசி வரி. அது பொய்.' அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. 'எங்க கத்திரி இந்த வரிய எழுதமாட்டா. எழுதினது யாரா இருந்தாலும் பரவால்லப்பா. அவ நெஜமா என்ன சொன்னா?'

வெல்டர் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. அத்தனை பேரும் படித்துவிட்டு அங்கேயே நின்றிருந்தார்கள்.

மாமனார் கெட்டிலோடு வந்தார். இந்தமுறை அதைக் கீழே வைக்கவில்லை.

"இன்னிக்கு நான் எடுக்கப்போறேன் மாப்ள. நீங்க என்ன சொன்னாலும் சரி. எனக்கு இருக்கறது இப்ப நீங்க ஒருத்தர்தான்."

கை நீட்டி பிளக்கைப் பிடித்தார். பிடித்தார், இழுக்கவில்லை. விரல்கள் லிஃப்ட் பொத்தானில் பழகியவை, மெதுவாகத்தான் எதையும் தொடும். என் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"ஏன் எடுக்கக் கூடாது? அதையாவது சொல்லுங்க."

போனைப் பார்த்தேன். கீழே டீச்சருடைய கேள்வி வெளிச்சமாக இருந்தது. கேட்டது இரண்டு பேர், பதில் ஒன்று. கவிதையின் கடைசி வரியை அழித்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில், என்னைப் பார்க்காமல் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் சொன்னாள். அதை அடித்துக்கொண்டே, மாமனாருக்குக் கேட்கும்படி வாய்விட்டும் சொன்னேன்.

"போன் சார்ஜ்ல கெடக்கு, எடுத்துடாத. நான் வந்து எடுத்துக்கறேன்."