வாளைக்குத் துணை

வாளை மீனோடு ஒரே கூரையின் கீழ் குடியிருந்ததால் திருச்சி மேலச்சிந்தாமணி பிச்சமுத்துவும் அவர் மனைவியும் மகளும் ஆளுக்கு ஒரு சாண் குட்டையாகிப்போனது 1960ஆம் வருஷம் தை மாதத்தில்தான் வெளியே தெரிந்தது. மனைவி வள்ளிக்கண்ணுவுக்குச் சமையலறை மாடத்திலிருந்த உப்பு ஜாடி எட்டவில்லை. மாடத்தைத்தான் யாரோ உயர்த்திக் கட்டிவிட்டார்கள் என்று முதலில் அவள் நினைத்தாள். பிறகு கை கழுவும்போது வளையல்கள் தாமாகக் கழன்று விழுந்தன. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த பிச்சமுத்துவுக்குத் தன் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. வியாபாரக் கவலையில் ஆள் இளைத்துவிட்டார் என்று சக வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். அவர் இளைக்கவில்லை. முகம், கை, கால் எல்லாம் அதனதன் அளவில் சரியாகவே சிறுத்திருந்தன.

அந்த மீன் வீட்டுக்கு வந்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. கன்டோன்மென்டில் ஒரு டாக்டர் வீட்டில் கண்ணாடித் தொட்டியையும் அதில் நீந்திய தங்க மீன்களையும் பார்த்த பிச்சமுத்து, பெரிய கடைவீதி அப்துல் சலாமிடம் அதேபோல ஒன்று வாங்கி வந்தார். சலாம் கல்கத்தாவிலிருந்து ரயிலில் மீன் தருவித்து விற்பவர். அந்த ஆடியில் ஓடத்துறை வலைக்காரர் ஒருவரிடம் விரல் நீள வாளைக் குஞ்சு ஒன்று கிடைக்க, அதன் வெள்ளி நிறத்தில் மயங்கி அதையும் தொட்டியில் விட்டார். விடிந்தபோது தங்க மீன் ஒன்றுகூட இல்லை. அவர் கோபப்படவில்லை. இனி இதற்குத் துணையாக எதை விடலாம் என்று கேட்கச் சலாமிடம் போனார்.

“வாயில அடங்குறது எதையும் விடாதீங்க முதலாளி,” என்றார் சலாம். “அடங்காததா, பெரிசா பார்த்து விடுங்க. தொட்டியும் பெரிசா இருக்கணும். இடம் பத்தலேன்னா எந்த மீனுக்கும் புத்தி மாறிடும்.”

பிச்சமுத்து அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கூடத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, முழங்கை நீள விரால் ஒன்று, தடித்த கெண்டைகள், ஓர் ஆமை ஆகியவற்றைத் துணைக்கு விட்டார். வாளை அவற்றைத் துரத்தவில்லை, கடிக்கவில்லை. மீசையை அசைத்தபடி அடியில் கிடந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் விரால் ஒரு சாணாகியது, பிறகு விரலளவாகியது, பிறகு காணாமல் போனது. ஆமை தட்டளவிலிருந்து ஓரணாக் காசளவுக்கு வந்ததைத் தெருவே வந்து பார்த்தது. இடம் பத்தவில்லை என்று பிச்சமுத்து அடுத்த அறைச் சுவரை இடித்துத் தொட்டியை நீட்டினார். புதுத் தொட்டியில் புதுத் துணைகள் கொஞ்ச காலம் தங்கள் அளவிலேயே இருந்தன. வாளை வளர்ந்து, திரும்புவதற்கு உடம்பை வளைக்க வேண்டிய நிலை வந்ததும் அவையும் சிறுக்கத் தொடங்கின. இப்படியே அறை அறையாகப் போய், கடைசியில் சமையலறையையும் சுவரோரம் ஓர் ஆள் நடக்கும் வழியையும் தவிர வீடு முழுவதும் தண்ணீராகியது. குடும்பம் அடுப்பங்கரையில் படுத்தது. மாட்டுவண்டி நீளத்துக்கு வளர்ந்துவிட்ட மீனுக்குத் துணை விட அக்கம்பக்கத்தில் எந்த மீனும் மிச்சமில்லை. அதற்குப் பிறகுதான் உப்பு ஜாடி எட்டாமல் போனது.

வள்ளிக்கண்ணு தன்னைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. பதினான்கு வயது மகள் செல்லக்கிளிக்கு எட்டு வயதுப் பாவாடை மறுபடி சரியாகப் பொருந்தியபோதுதான் பயந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தப் பெண்ணைக் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றியிருந்தார். வீட்டில் மீன் இப்போது சமையலறைப் பக்கம் முகத்தை வைத்தே கிடந்தது. அடுப்பு வெளிச்சம் அதன் கண்ணில் தெரிந்தது.

“அது நம்மளையும் துணைக்கு விட்ட மீனுன்னு நினைக்குதுங்க,” என்றாள் கணவரிடம்.

“சும்மா இரு வள்ளி. இத்தனை வருஷத்துல நமக்கு ஒரு பொல்லாப்பு பண்ணியிருக்கா?”

“விராலுக்கும்தான் ஒண்ணும் பண்ணலை. பார்த்துக்கிட்டுதானே இருந்துச்சு?”

பிச்சமுத்து எழுந்து மீனுக்கு இரை போடப் போனார். அவள் ஓடத்துறை வலைக்காரர்களை ஈட்டியோடு வரச் சொன்னாள். காலையில் வந்து தொட்டியைச் சுற்றி நின்றவர்களுக்கு உச்சிப்பொழுதில் ஈட்டியைத் தூக்க முடியவில்லை. தரையில் புரண்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு மகளை மணப்பாறையில் தன் அண்ணன் அழகிரி வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு மாதத்தில் செல்லக்கிளி பழைய உயரத்துக்கு வந்தாள். பரீட்சைக்காகத் திரும்பியவள், இத்தனை நாள் எங்கே போனாய் என்று யாரோ இழுத்துப் பிடித்ததுபோல முன்னைவிட வேகமாகச் சிறுத்தாள். எல்லோரும் வீட்டைவிட்டுப் போய்விடலாம் என்று வள்ளிக்கண்ணு கெஞ்சினாள். “யாருமே கூட இல்லாத ஒரு உசிரை விட்டுட்டு நான் எங்க வர்றது?” என்று பிச்சமுத்து அழுதார். அவரைத் தனியே விட்டுப்போக அவளுக்கும் மனம் வரவில்லை.

மறு வருஷம் ஆடியில் காவேரி கரை புரண்டு கொல்லைப்புறம்வரை வந்தது. வள்ளிக்கண்ணு கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்து தொட்டியின் பின்சுவரில் மோதினாள். கடப்பாரை அவளைவிட உயரமாக இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பிச்சமுத்து அவள் கையைப் பிடித்தார்.

“இதைவிடப் பெரிய தொட்டி கொல்லையில வந்து நிக்குதுங்க,” என்றாள் அவள். “முக்கொம்புலேருந்து கல்லணை வரைக்கும். அதைக் கொடுக்காம இங்க அடைச்சு வெச்சிருக்கீங்களே.”

அவர் வெள்ளத்தைப் பார்த்தார். “எதிர்க்கரையில அம்மா மண்டபம் இருக்கு. சீரங்கத்துச் சனம் பூரா அங்கதான் குளிக்குது. இந்தக் கரையில ஊர் பூரா குடிக்கிற தண்ணி.”

“தெரியும்,” என்றாள் வள்ளிக்கண்ணு.

செல்லக்கிளி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அம்மிக்கல்லைவிடச் சற்றே உயரம். பிச்சமுத்து அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்தார். சுவர் விழுந்ததும் வாளை அவசரமில்லாமல் வெளியே வந்தது. போகிற போக்கில் வால் பட்டு முருங்கை மரம் சாய்ந்தது. செம்மண் நிற வெள்ளத்தில் அது அமிழ்ந்ததும் மேலே சுழிகூட எழவில்லை.

அன்றைக்கு ஓடிய ஒரே பஸ்ஸில் தாயும் மகளும் மணப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆவணிக்குள் இருவருக்கும் உயரம் திரும்பியது. பிச்சமுத்து வரவில்லை. மீனுக்கு இரை போட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆற்றில் யாரையும் அது தொட்டதாகத் தகவல் இல்லை. மூன்று வருஷம் கழித்து அம்மா மண்டபத்துப் படிகள் உயரமாகிவிட்டன என்று ஸ்ரீரங்கத்துப் பெண்கள் குறைப்பட்டார்கள். படிக்குப் படி நடுவே ஒரு கல் போட்டுக் கொடுத்தார்கள். பொன்மலை ரயில்வே பட்டறைக்கு ஷிப்டு போகிறவர்கள் சைக்கிள் சீட்டை இறக்கினார்கள். அப்புறம் சின்னச் சைக்கிளாகவே கடைக்கு வரத் தொடங்கியது. காவேரிப் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டி ஆற்றைப் பார்ப்பது பெரியவர்களாலும் முடியாமல் போனது. எல்லோரும் ஒரே மாதிரி சிறுத்ததால் யாருக்கும் யார் மீதும் வருத்தமில்லை. படியரிசி கூடுதல் நாள் வந்தது, ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் வைக்க முடிந்தது.

1968இல் உறவுக் கல்யாணத்துக்காக வள்ளிக்கண்ணு திருச்சிக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் சனங்கள் அண்ணாந்து பார்த்து வழிவிட்டார்கள். ஓடத்துறைப் படியில் ஆட்டு ஈரலை இலையில் வைத்துக்கொண்டு பிச்சமுத்து உட்கார்ந்திருந்தார். அவள் முழங்கால் அளவுதான் இருந்தார். முகத்தில் நிம்மதி இருந்தது.

“செல்லக்கிளி எப்படி இருக்கா?”

“மாசமா இருக்கா. நல்லா இருக்கா.” அவள் தண்ணீரைப் பார்த்தாள். “அது?”

“வால் முக்கொம்புல இருந்தா தலை சில மைல் கீழ ஜீயபுரத்துல கெடக்கு. இன்னும் வளருது வள்ளி. இப்பல்லாம் ஊர்ப்பக்கமாவே முகத்தை வெச்சுக்குது.”

அவள் அவர் தலையை வருடினாள். கூட வரச் சொல்லிக் கேட்டாள், அவர் சிரித்தார். கல்யாணச் சாப்பாட்டுக்கு நிற்காமல், ஊர்த் தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடிக்காமல், மத்தியான பஸ்ஸில் அவள் திரும்பிப்போனாள்.

ஊரில் அதன் பிறகு கட்டிய வீடுகளுக்கெல்லாம் கொத்தனார்கள் யாரையும் கேட்காமலே வாசல் நிலையைத் தாழ்த்தி வைத்தார்கள். மணப்பாறைக்காரர்கள் மட்டும் ஏன் அவ்வளவு நெட்டையாக இருக்கிறார்கள் என்பதுதான் திருச்சியில் யாருக்கும் விளங்கவில்லை.