போஸெல்ட் வீட்டுச் சுருக்குப்பை

ஒதீலியாவும் அவள் கணவன் ஷிமோனும் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அடுப்பின் மேல் தண்ணீர்க் கெட்டில் அப்படியே இருந்தது. ஆணியில் ஒரு பெண்ணின் மேலங்கி தொங்கியது. போர் முடிந்த மறு வருடம் அது. செக் நாட்டின் யாப்லொனெட்ஸ் மலையூர்களில் இருந்த ஜெர்மன்காரர்களை மூட்டை முடிச்சோடு ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காலியான வீடுகளுக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஷிமோனுக்குக் கண்ணாடி மணிப் பட்டறையில் வேலை கொடுத்து, கூடவே இந்த வீட்டின் சாவியையும் கையில் கொடுத்தார்கள்.

ஜன்னலோர மேஜையில் பாதி பின்னிய சுருக்குப்பை ஒன்று கிடந்தது. பொடிமணிகளால் ஆனது. அதில் கொக்கி ஊசி செருகியிருந்தது. பையிலிருந்து போன நூல் ஒரு மரக்கட்டையில் சுற்றியிருந்தது, அந்த நூல் நெடுகவும் மணி கோர்த்திருந்தது.

ஒதீலியா அதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊரில் அவளும் தங்கையும் கல்யாணத் தொப்பிகளுக்கு மணி வைப்பவர்கள். ஒரே கிண்ணத்தில் இரண்டு ஊசிகளை விட்டுத் துழாவி, யார் ஊசியில் அதிகம் ஏறுகிறது என்று சண்டை போடுவார்கள். அந்த மணிகள் இந்த மலைகளிலிருந்துதான் சந்தைக்கு வந்தன. ஊர்ப் பெயர் தெரிவதற்கு முன்பே அவள் விரல்களுக்கு இந்த ஊரைத் தெரியும். போரின் கடைசி மாதத்தில் தங்கை செத்துப்போனாள். அதன்பின் ஒதீலியா மணியைத் தொடவில்லை.

சத்தம் கேட்க ஆரம்பித்தது பனி விழத் தொடங்கியபோது. காலையில் ஷிமோன் வேலைக்குப் போனதும், அடுப்புக்குப் பின்னாலிருந்து வரும். மரக்கிண்ணத்தில் யாரோ ஒற்றை விரலால் மணிகளைக் கிளறுவது போல. எழுந்து போய்ப் பார்த்தால் அங்கே விறகுதான் இருக்கும்.

"எலி," என்றான் ஷிமோன்.

"எலிக்கு மணி எதுக்கு?"

"உனக்கு மட்டும் எதுக்கு? நீ என்ன திங்கவா போறே?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக இருக்கப் பயந்து ஒரு நாள் அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்க முடியாமல் கொக்கி ஊசியை எடுத்தது.

இந்த வேலையில் பின்னும்போது படம் யோசிப்பதில்லை. பின்ன ஆரம்பிக்குமுன்பே எல்லா மணியையும் வரிசை பிசகாமல் நூலில் கோர்த்துவிட வேண்டும். கடைசியில் கோர்த்தது முதலில் வரும், முதலில் கோர்த்தது கடைசியில் வரும். முழுப் படமும் அந்த நூலில் ஏற்கெனவே இருந்தது. ஒதீலியா ஒவ்வொரு மணியாக இழுத்துப் பின்னினாள். ஒரு ரோஜாவின் ஓரம் சிவந்தது. மறு சுற்றில் அது இன்னும் கொஞ்சம் விரிந்தது. அடுத்தது இலையா மொட்டா என்று அவளுக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருத்தி மனதில் நினைத்தது இவள் விரலில் வந்து விழுந்தது. கெட்டிலில் தண்ணீர் வற்றிக் கருகும் வாசனை வந்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது என்று தோன்றியது. உடனே தங்கையை நினைத்து வெட்கப்பட்டாள்.

தினமும் பின்னினாள். அவள் பின்னும்போது அடுப்புப் பக்கம் சத்தம் வராது. ஆனால் நாற்காலியின் இடதுபுறம், அவள் முழங்கை உயரத்தில், யாரோ சாய்ந்து நின்று பார்ப்பது போலிருக்கும். இடம் விட்டு முழங்கையை ஒடுக்கிக்கொண்டே வேலை செய்திருக்கிறோம் என்பது ஒரு நாள் அவளுக்கே உறைத்தது.

பையின் மேல்விளிம்பு நெருங்கியபோது படம் குழம்பியது. நீலம், நீலம், மஞ்சள். மறுபடி நீலம், நீலம், மஞ்சள். பிறகு சம்பந்தமில்லாமல் மூன்று கறுப்பு. அப்புறம் மஞ்சள், மஞ்சள், மஞ்சள் என்று போய்க்கொண்டே இருந்தது. தான் எங்கோ பிசகிவிட்டதாக நினைத்து ஒதீலியா எண்ணிப் பார்த்தாள். பிசகவில்லை. இது வேறு ஒருவரின் கை.

பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வால்லியிடம் போனாள். வால்லி ஜெர்மன்காரி. அவள் புருஷனுக்குக் கண்ணாடி உருக்கும் பக்குவம் தெரியும் என்பதால் அவர்களை மட்டும் அனுப்பாமல் வைத்திருந்தார்கள். வால்லி கசகசா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் கையைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

"இத ஏன் பொண்ணே எடுத்தே? உன் வீட்ல முன்னாடி இருந்த ஆதெலே போஸெல்ட்டோடது."

"கடைசியில இப்படி வருதே அக்கா. யார் கோத்தது?"

"கெர்டி. அவ பொண்ணு. அடுப்புக்குப் பின்னாடி உக்காந்து விளையாடிட்டே இருக்கும். நூலை எடுத்து அது இஷ்டத்துக்குக் கோத்துடுச்சு. ஆதெலேக்கு உருவ மனசு வரல. மேல்விளிம்பு உள்பக்கம் மடிஞ்சுடும், யாரு பாக்கப் போறாங்கன்னு அதுக்கு மேலயே ரோஜாவைக் கோத்துட்டா. பாதி பை பின்னறதுக்குள்ள பொண்ணுக்குத் தொண்டை அடைச்சுக்கிட்டு..." வால்லி மாவுக் கையை மடியில் துடைத்தாள். "பொண்ணப் புதைச்சப்புறம் அவ ஊசியத் தொடல. நீயும் இதோட நிறுத்திக்கோ."

ஒதீலியா நிறுத்தத்தான் நினைத்தாள். மறுநாள் உட்கார்ந்தாள், கை நிற்கவில்லை. மஞ்சளெல்லாம் முடிந்து நூல் வெறுமையானபோது பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் கிளறும் சத்தம் மறுபடி கேட்டது.

அது நிற்கவே இல்லை. ஒதீலியாவுக்கு இரண்டு மகன்கள் பிறந்து வளர்ந்தார்கள், அவர்கள் காதில் அது விழவில்லை. அந்தச் சத்தத்தோடேயே தினமும் உட்கார்ந்து மணி கோர்க்க அவள் பழகிக்கொண்டாள்.

எல்லையைக் கொஞ்சம் தளர்த்திய காலத்தில், பழைய வீட்டைப் பார்க்க ஜெர்மன்காரர்கள் சிலர் வந்துபோனார்கள். ஒரு வசந்தகாலப் பிற்பகலில் வால்லி ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். நரைத்த தலை, நல்ல காலணி. ஆதெலே.

ஒதீலியா பையை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆதெலே மேல்விளிம்பை விரலால் தடவினாள். பிறகு ஜெர்மனில் ஏதோ சொன்னாள்.

"நல்லா இருக்குங்கறா," என்றாள் வால்லி.

"அவங்க அதச் சொல்லல அக்கா. யாரு உன்னப் பின்னச் சொன்னதுன்னு கேக்கறாங்க. அவ்வளவு ஜெர்மன் புரியும் எனக்கு."

ஆதெலே தெரிந்த செக் வார்த்தைகளைத் தேடிப் பேசினாள். "மணி நூல்ல இருந்த வரைக்கும் கெர்டி இன்னும் கோத்துட்டே இருந்தா. நீ முடிச்சுட்டே."

"கை நிக்கலம்மா."

ஆதெலே தலையசைத்தாள். "ஆமா. நிக்காது." பிறகு பையை வெளிச்சத்தில் பிடித்தாள். "நீ பின்னின மணியெல்லாம் ஏன் இடப்பக்கம் சாஞ்சிருக்கு?"

"எங்க ஊர்ல அப்படித்தான் பின்னுவோம்."

"உங்க ஊர்ல எல்லாருமே கோணலா?"

"தொப்பி போட்டா நேராயிடும்."

வால்லிக்குச் சிரிப்பு வந்து காப்பி புரையேறியது. ஆதெலே சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் கேட்டாள். மேல் முடிச்சை வெட்டி, கெர்டியின் வரிசைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒதீலியா எதிரே உட்கார்ந்து நூலைக் கட்டையில் சுற்றினாள். மஞ்சள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன.

"இந்தக் கறுப்பு, அவ எங்கிட்டக் கேக்காம எடுத்தது," என்றாள் ஆதெலே.

அப்போது அடுப்புக்குப் பின்னால் கிண்ணம் கிளறப்பட்டது. வால்லி ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. ஆதெலேயின் விரல்கள் நின்றன. அவள் தலையைத் திருப்பவில்லை.

"எப்போலேர்ந்து?"

"நாங்க வந்த முதல் பனியிலேர்ந்து."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. அப்புறம் வீட்ல ஒரு ஆள் மாதிரி ஆயிடுச்சு."

ஆதெலே வாயைப் பொத்திக்கொண்டாள். "ரயிலுக்குப் போறப்போ அவளைக் கூப்பிட்டேன். அவ வருவான்னுதான் நெனச்சேன். அங்க போய் எத்தனையோ வருஷம் காதக் கொடுத்துக் கேட்டுட்டே இருந்தேன்."

மீதியையும் பிரித்து முடித்தார்கள். ரோஜாக்கள் உள்ள பையை ஒதீலியாவிடமே விட்டுவிட்டு, கெர்டியின் மணிகள் சுற்றிய கட்டையை மட்டும் ஆதெலே எடுத்துக்கொண்டாள். வாசல் கேட்டில் நின்று, சாப்பிட அழைப்பது போலச் சாதாரணக் குரலில் "கெர்டி, வா" என்றாள். ஒதீலியா கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர் உள்ளே வந்தது. ஆதெலே வந்த கார் வளைவில் மறையும்வரை அவள் கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் ஷிமோன் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில், மணித்தட்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு அவள் வால்லி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, இன்னிக்கு இங்க உக்காந்து கோக்கறேனே."

"ஏன், உன் வீட்ல என்ன?"

"யாரும் இல்ல," என்றாள் ஒதீலியா.