நீட்டிய கை

பெயர் நாளன்று, அதாவது நம் பெயர்கொண்ட புனிதரின் திருநாளன்று, எங்கள் ஊரில் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும். வருகிறவர்கள் வரலாம்.

என் பெயர் நாளுக்கு முதலில் டாக்டர் மவ்ரிடிஸ் வந்தார். நான் கூடைப்பந்து ஆடிய காலத்தில் எங்கள் அணியின் மருத்துவர். பால்கனியில் என் எதிரே உட்கார்ந்து கடலைப் பார்த்தார்.

"முட்டி எப்படிடா இருக்கு, ஸ்தாதிஸ்?"

"மடங்க மாட்டேங்குது."

"எப்படி மடங்கும்? ஆடாதேன்னு சொன்னேன். கேட்டியா நீ?"

"நீங்க எப்ப சொன்னீங்க?"

"உன்கிட்ட நேரா சொல்வேனா? ஆர்கிரிஸ்கிட்ட சொன்னேன். நார் பாதி அறுந்திருக்கு, நாளைக்கு இறங்கினா மிச்சமும் போயிடும்னு. அவன் போய்ப் பேசிட்டு வந்தான். 'ஆடியே தீருவேங்கறான், ஊசி போட்டுடுங்க'ன்னான்."

ஆர்கிரிஸ் எங்கள் அணித் தலைவன். என் திருமணத்தில் எங்கள் இருவர் தலையிலும் மலர்முடி மாற்றி வைத்தவன். அப்படி வைத்தவன் கும்பாரோஸ், உடன்பிறந்தவனுக்கும் மேல். எங்கள் ஊரில் டாக்டர்கள் கெட்ட சேதியை நோயாளியிடம் சொல்வதில்லை, வீட்டாரிடம்தான் சொல்வார்கள். என் அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை என்னிடம்தான் சொன்னார்கள். வயிற்றுப்புண் என்று அவரிடம் சொன்னேன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய மாலை ஆர்கிரிஸ் என் அறைக்கு வந்தான். "நீர் கோத்திருக்காம். அவ்வளவுதான். ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றான். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் பந்துக்கு எம்பி இறங்கியபோது உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் கோப்பையைத் தூக்கியதை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பார்த்தேன். எனக்கு இருபத்தாறு வயது. அதற்குப் பிறகு நான் ஆடவில்லை.

"உனக்குத் தெரியாதா?" என்றார் டாக்டர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

உள்ளே ஆர்கிரிஸின் குரல் கேட்டது. இனிப்புத் தட்டோடு பால்கனிக்கு வந்தான்.

"நூறு வருஷம் இருடா, கிழட்டு ஒட்டகமே! என்ன, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க ரெண்டு பேரும்?"

"கும்பாரே, அன்னைக்கு டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார்?"

அவன் டாக்டரைப் பார்த்தான். தட்டை மேசையில் வைத்தான்.

"அதெல்லாம் பழைய கதைடா."

"என்ன சொன்னார்?"

"நீ இல்லாம ஜெயிச்சிருக்க மாட்டோம்." பாராட்டுவது போலத்தான் சொன்னான். "உங்க வீட்டுச் சுவர்லயும் அந்தக் கோப்பைப் படம்தானே தொங்குது?"

என் மனைவி தெஸ்பினா உள்ளேயிருந்து எல்லோரையும் கூப்பிட்டாள். என்னை வாழ்த்திக் குடிக்க வேண்டும், எழுந்திருங்கள் என்றாள். எந்த வீட்டு விருந்திலும், எந்தத் தாழ்ந்த நாற்காலியிலிருந்தும் என்னைத் தூக்கிவிடுவது ஆர்கிரிஸ்தான். வழக்கம்போலக் கையை நீட்டினான்.

நான் பால்கனிக் கம்பியைப் பிடித்தேன். முட்டி மறுத்தது. மறுபடி முயன்றேன். டாக்டர் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

நின்றேன்.

அவன் கை அப்படியே நீண்டிருந்தது. ஒன்றும் அறியாத தெஸ்பினா வந்து அதில் ஒரு கோப்பை மதுவை வைத்தாள்.