தடுப்பில் மாட்டிய சோபா

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அக்கா சொன்னது. முடிவுக்கு வருமுன்பே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டதால், மிச்சம் என் தலையில் விழுந்தது. கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் நாளைக்கு வாசிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: "ஆறு கடலைச் சேரும் அந்த அமைதியான..." (இல்லை. படகு மோட்டார் சத்தத்தில் அங்கே காது கிழியும்.)

இரண்டாவது: அக்காவுக்கு முகத்துவாரத்தில் வேலை. ஆற்றின் குறுக்கே மிதவைகளைக் கோத்து ஒரு தடுப்பு கட்டியிருக்கிறார்கள். பாட்டில், செருப்பு, தெர்மோகோல், அறுந்த வலை என்று அதில் வந்து சேர்வதையெல்லாம் கடலுக்குப் போகுமுன் படகில் அள்ளுவாள். அன்று ஒரு சோபா வந்து மாட்டியது. (இது பரவாயில்லை.)

2

பச்சை சோபா. கைப்பிடியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட வடு. சுட்டவள் அக்காவேதான்.*

போன வாரம்தான் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், "அதை ஒரு நண்பருக்குக் கொடுத்துட்டேன்" என்றிருந்தார்.

படகோட்டி பக்கத்திலேயே இருந்தும் அக்கா மாமாவுக்குப் போன் போட்டாள். "ஒரு கை குறையுதுங்க. தண்ணி வத்தி கடல் பக்கமா இழுக்க ஆரம்பிச்சா தடுப்பு அறுந்துடும், குப்பையெல்லாம் கடலுக்குப் போயிடும். உடனே வாங்க." மாட்டியிருப்பது என்னவென்று மூச்சுவிடவில்லை. அவராகவே உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

* விருந்தாளி வரும்போதெல்லாம் அந்த வடுவின்மேல் துண்டு விரித்து அவள் மானத்தைக் காப்பாற்றியவர் மாமா.

3

மாமாவை முதலில் வில்லனாக எழுதினேன். கிழித்துவிட்டேன். பழைய சாமான் வண்டி வரவில்லை. ஆற்றோரம் வைத்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிவிட்டார். எடுத்துக்கொண்டது வெள்ளம். ("வெகுளி" என்று போடலாமா? அக்கா விடமாட்டாள்.)

படகில் ஏறிச் சோபாவைப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எவனோ ஒரு மகராசன் ஆத்துல போட்டிருக்கான் பாருங்க," என்றாள் அக்கா.

"அநியாயம்," என்றார் மாமா.

"வீட்டுல பொண்டாட்டி ஒண்ணும் கேக்கமாட்டா போல."

"கேட்டிருப்பா... கேட்டிருப்பா."

"அண்ணே, அந்தச் சுட்ட பக்கமாப் பிடிங்க," என்றார் படகோட்டி. மாமா அவசரமாக மறுபக்கத்தைப் பிடித்தார்.

ஒருவழியாகச் சோபா கரையேறியது. தடுப்பு தப்பியது. மாமா தப்பினாரா?

4

முடிவு ஒன்று: மாமா அழுது ஒப்புக்கொள்கிறார். (வகுப்பில் கைதட்டுவார்கள். மாமாவைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு இரண்டு: அக்கா போட்டு உடைக்கிறாள், மாமா... (வேண்டாம். அதற்கா அவ்வளவு தூரம் வரவழைத்தாள்?)

அக்கா சொன்னது இதுவரைதான்: தண்ணீர் சொட்டும் சோபாவில் இருவரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். படகோட்டி டீயோடு வந்தார். ஆள் வருவதைக் கண்டதும் மாமாவின் கை, அவரைக் கேட்காமலே, தோளிலிருந்த துண்டை எடுத்து வடுவின்மேல் விரித்தது.

அக்கா துண்டைப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அடுத்த வாக்கியம் உங்களுடையது. பார்த்து எழுதுங்கள், அக்கா படிப்பாள்.