பனித்தெருவில் ஒரு சமையலறை நாற்காலி

பிட்ஸ்பர்க் நகரத்துப் பனிமேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து என் மனைவி வெரோனிக்கா வீடு திரும்பும் நாளில் மூன்றடிப் பனி விழுந்தது. பத்தடிக்கு மேல் நடக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. கார் வாசலிலேயே நின்றாக வேண்டும். நாலு மணி நேரம் பனி வாரி, இடம் பண்ணினேன். வாரிய இடத்தில் நாற்காலி போட்டுவிட்டால் எங்கள் தெருவில் எவனும் அங்கே வண்டியை நிறுத்த மாட்டான். போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் இருப்புக் கொள்ளவில்லை. எதிர்வீட்டு டோலரஸுக்கு ஆறு தடவை போன் போட்டேன்.

"நாற்காலி இருக்கா?"

"இருக்குய்யா. பனி தள்ளுற லாரி அதப் பாத்துட்டு ரிவர்ஸ்லயே போயிருச்சு."

ஏழாவது தடவை அவளே கேட்டாள். "ஆமா, அது யாரு நாற்காலி?"

"என்னோடதுதான்!"

"கதை விடாத. ஒன்னோடது பச்சை, கிழிசல். தெருவுக்கே தெரியும். இது மரத்துல இருக்கு."

அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் சமையலறை நாற்காலியைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது தீயணைப்பு வண்டி நாற்காலியைத் தாண்டத் துணியாமல் நின்றது. நாற்காலியைச் சுற்றிப் பதினொரு பேர் காவல். கறிக்கடை காசிமிர் கையில் மண்வெட்டி.

"நாற்காலில கை வெச்ச, கை இருக்காது பெருசு."

"யோவ், இது எங்க வீட்டு நாற்காலிய்யா!"

"திருட வர்றவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான். சொந்தக்காரன் வரட்டும்."

வெரோனிக்கா வாடகைக் காரின் கண்ணாடியை இறக்கினாள். "காசிமிரு, அடியில பாருடா. முப்பத்தோரு வருசமா நான் ஒட்டி வெச்ச சூயிங்கம் இருக்கும்."

காசிமிர் நாற்காலியைத் தொடவில்லை. பனியில் மல்லாந்து படுத்து, தலையை அடியில் விட்டு எண்ணினான். எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிச்சிரு அக்கா."

அவளை அதே நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் தீயணைப்பு வண்டி மணியடித்தது. பத்தடியில் ஓரடிகூட அவள் செலவழிக்கவில்லை.

இத்தனைக்கும் நான் இதுவரை சொந்தமாகக் கார் வைத்திருந்ததில்லை.